ஆனா போட முடியாத வார்த்தை

கையெழுத்து போடறதுக்கு பெரிசாத் எப்பவும் யோசிச்சதே கெடையாது. மாஸ்கோவுல அஞ்சு வருஷமா தையல் பட்டறையில இருக்கா. அங்க தாள நீட்டுவாங்க, எங்க போடணும்னு வெரலால தொட்டுக் காட்டுவாங்க, போட்டுட்டு மெஷினுக்குத் திரும்பிருவா. ஒரு தடவ மெட்ரோ வாசல்ல போலீஸ் நிறுத்தி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனப்பக்கூட நாலு தாள்ல போட்டா. வெளிய வந்தப்பறம் கூட இருந்த பொண்ணு நகலப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறா. "ஏய், மொழிபெயர்ப்பாளர் வெச்சுக்கற உரிமைய நான் துறக்கிறேன்னு போட்டுக் குடுத்திருக்கடி!" பெரிசாத்தும் சிரிச்சா. "அப்படி ஒண்ணு எனக்கு இருந்ததே தெரியாது, இதுல துறக்கறது வேறயா?"

அதனால சொந்த நாடு கிர்கிஸ்தான்ல, உஸ்கென் கடைத்தெருவுல, செல்போன் கடைக்கும் கறி அடைச்சு சுட்ட சம்சா விக்கற கடைக்கும் நடுவுல இருக்கற அந்த நோட்டரி ஆபீசுக்குள்ள தம்பியோட நுழையறப்ப அவ பயமெல்லாம் வேற. சனிக்கிழம விமானம். மாஸ்கோ வேல பர்மிட்டுல ஏதாவது தப்பு இருந்து எல்லையில நிறுத்திட்டா? சூப்பர்வைசர் அவ மெஷின வேற பொண்ணுக்குக் குடுத்துட்டா? காலையிலேந்து இது ரெண்டத்தான் நெனச்சுட்டு இருந்தா. வீட்டுத் தாள் விஷயம் அவ மனசுல டீ குடிக்கற மாதிரி ஒரு சின்ன வேல. போய் போட்டுட்டு வரணும், அவ்வளவுதான்.

அப்பா மார்ச் கடைசியில போனாரு. அவளால வர முடியல, அப்பதான் பர்மிட்ட புதுப்பிக்கக் குடுத்திருந்தா. அடக்கத்த தம்பி மெதெர் போன்ல காட்டினான். பட்டறைக் கழிவறையில நின்னுட்டு பாத்தா. படம் நடுவுல ரெண்டு தடவ நின்னு போச்சு. இப்ப செப்டம்பர். அப்பா இல்லாத வீட்டுக்கு அவ வந்ததுக்குக் காரணமே மக நூராய்தான். ஒண்ணாம் தேதி ஒண்ணாங்கிளாஸ். தலையில தலையவிடப் பெருசா ரெண்டு வெள்ள ரிப்பன் பூவு கட்டி, கையில ஒரு கொத்து டேலியாவ வெச்சு அனுப்பணும்ல. புருஷன் வேற ஒருத்திய கட்டிட்டு கொரியாவுக்குப் போனப்ப நூராய்க்கு ரெண்டு வயசு. அவள தம்பிகிட்ட விட்டுட்டுதான் பெரிசாத் மாஸ்கோவுக்கு ரயில் ஏறினா. அஞ்சு வருஷமா அந்தப் பிள்ளைக்குத் தல வாரி விடறது மெதெரோட பொண்டாட்டி ஐதாய்தான். பிள்ள ஐதாயத்தான் அம்மாங்கும். இவள "மாஸ்கோ அம்மா"ங்கும்.

"நானும் நீயும் ரெண்டே பேரு. ரெண்டு பேரு பேர்லயும் வீடு இருந்தா ஒவ்வொரு தாளுக்கும் நீ விமானம் ஏறி வரணும்"னு மெதெர் போன்லயே விளக்கியிருந்தான். பழைய பக்கத்த இடிச்சு புதுசா ரெண்டு ரூம் கட்டப் போறான். பதிவு பண்ற ஆபீஸ்ல ஒரே பேர் கேக்கறாங்க. நியாயம்தானே. வீடு கடைசிப் பையனுக்குப் போறது அவங்க பக்கத்துல வழக்கம். பொண்ணுங்க வந்து கையெழுத்து போட்டுட்டு, போர்த்தி விடற சால்வைய வாங்கிட்டு, வயிறார சாப்பிட்டுட்டுப் போவாங்க. அவ ஊருக்கு வந்த அன்னைக்கே சால்வை வந்துருச்சு. சூரா அத்தை, அப்பாவோட அக்கா, பத்து பேருக்கு முன்னாடி வெல்வெட்டுல பூ போட்டது ஒண்ண இவ தோள்ல போட்டா. அஞ்சு வருஷத்துல இதுக்கு முன்ன ஒரே ஒரு தடவதான் பெரிசாத் ஊருக்கு வந்திருக்கா. திரும்பி வந்ததுக்குத்தான் சால்வைன்னு நெனச்சு அழுதே விட்டா. இன்னைக்கும் அதத்தான் போர்த்தியிருந்தா.

நோட்டரி பேரு தமிரா. மருதாணி போட்ட செவப்பு முடி, மூக்குக் கண்ணாடிய சங்கிலி போட்டு கழுத்துல தொங்க விட்டிருந்தா. பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு. அத கையால ஒரு தட்டு தட்டினா, தாள் வந்துச்சு.

"தம்பி, நீ வெளிய போ"ன்னா.

"நான் ஏன் அக்கா போகணும்? நான் கூடப் பொறந்தவன்."

"அதனாலதான் போகச் சொல்றேன்."

மெதெர் சிரிச்சுட்டே எந்திரிச்சான். "அக்கா, சம்சா வாங்கி வெக்கறேன். சீக்கிரம் வா. அத்தை ஆட்ட அறுத்தாச்சு"ன்னு சொல்லிட்டு கதவ சாத்தினான்.

தமிரா கண்ணாடிய மூக்குல வெச்சுட்டு ராகம் போடாம படிச்சா. காலமான தந்தையின் வீட்டிலும் மனையிலும் எனக்குச் சேரும் பங்கினை என் தம்பியின் பொருட்டு முழுமையாகவும், மீட்க இயலாத வகையிலும், துறக்கிறேன். கிர்கிஸ்ல அந்தக் கடைசி வார்த்தைக்கு 'தலைய இழுத்துக்கறேன்'னு வரும். லகானப் புடிச்சவன் கையிலேந்து குதிரை தலைய வெடுக்குன்னு இழுத்துக்குமே, அது மாதிரி. பேச்சுல அத யாரு சொல்றா? வேணாம்போம், விடும்போம், அவ்வளவுதான். முழுசா அப்படி ஒரு வார்த்தைய தாள்லதான் பாக்க முடியும்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது." பெரிசாத் பேனாவ எடுத்துட்டா.

"பேனாவ வெய்யி. என்ன புரிஞ்சுதுன்னு உன் வாயால சொல்லு."

பெரிசாத் பேனாவ வெச்சா. யாரும் இப்படி கேட்டதே இல்ல. பாஸ்போர்ட் ஆபீஸ்ல கேள்வி கேட்டா ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு அர்த்தம். இங்கயும் ஏதாவது தப்பா? "வீடு... தம்பிக்கு"ன்னா.

"அது அவனுக்கு என்னங்கறது. உனக்கு என்ன?"

"எனக்கு வால்நட் மரத்துப் பக்கம் இருக்கற ரூம். வடக்கு ரூம். நானும் மகளும் அதுலதான இருப்போம், வரப்ப எல்லாம்."

தமிரா கண்ணாடிக்கு மேல பாத்தா. "எந்த ரூம்? இந்தத் தாள்ல ரூம் எங்க இருக்கு? காட்டு."

பெரிசாத் தாள தன் பக்கம் திருப்பினா. முதல் தடவையா ஒரு தாள ஒவ்வொரு வார்த்தையா படிச்சா. வீட்டு நம்பர் இருந்துச்சு, மனையோட அளவு இருந்துச்சு, அப்பா பேரு, அப்பாவோட அப்பா பேரு. ரூம் இல்ல. மரமும் இல்ல.

"ஒரு வரி சேத்துக்கலாமா? 'ஆனா வடக்கு ரூம் பெரிசாத்துக்கு'ன்னு?"

"முடியாது."

"சின்னதாத்தான்..."

"சின்னதோ பெருசோ, இந்த வார்த்தைக்கு அப்பறம் ஆனா வராதும்மா. 'இந்த வருஷம் வரைக்கும்'னு வராது. 'அவன் என்ன நல்லா பாத்துக்கிட்டா'ன்னு வராது. பாதிய துறக்கறேன், பாதிய வெச்சுக்கறேன்னும் வராது. நாளைக்கு வந்து என் மேஜையில தலைய முட்டிட்டு அழுதாலும் திருப்பி எடுக்க வழியில்ல. ஒருத்தி அழுதிருக்கா, அந்த ஓரத்துல பாரு, பாலிஷ் போயிருக்கு." நெஜமாவே போயிருந்துச்சு. "நேத்து ஒருத்தன் வந்தான், பையன துறக்கணுமாம், பையன் குடிக்கறானாம். பையன துறக்கறதுக்கு எங்கிட்ட தாள் இல்லன்னு அனுப்பிட்டேன். எது உன் கையில இருக்கோ அதத்தான் துறக்க முடியும்."

"எங்கையில என்ன இருக்கு?"

அவ கேட்ட விதத்துல தமிராவுக்கு சிரிப்பு வந்துச்சு போல, அடக்கிக்கிட்டா. "பாதி வீடு. உங்கப்பா போன அன்னைலேந்து. ஏத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா உன்னுது. இந்த மாசக் கடைசிக்குள்ள ரெண்டுல ஒண்ணு பண்ணணும். நான் டீ குடிச்சுட்டு வரேன். நீ போய் தம்பிகிட்ட பேசு, இல்ல பேசாத. இருவது நிமிஷம்."

மார்ச்லேந்து இத்தன மாசமா எங்கிட்ட பாதி வீடு இருந்திருக்கு. வாசல் மண்படிய எறங்கறப்ப பெரிசாத் இதத்தான் நெனச்சா. பட்டறையில எட்டு பேரு அடுக்குக் கட்டில்ல தூங்கற ரூம்ல, மேல் கட்டில்ல, முகத்துக்கு நேர குழாய் ஒண்ணு சொட்டிட்டு இருக்கும். அதப் பாத்துட்டே படுத்திருந்தப்ப எல்லாம் அவளுக்கு இங்க பாதி வீடு. யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். குழாய வேற மாதிரி பாத்திருப்பேன், அவ்வளவுதான்.

மெதெர் கார் பானெட்டு மேல சாஞ்சுட்டு சம்சா தின்னுட்டு இருந்தான். பழைய ஜப்பான் கார், அந்த ஊர் வழக்கத்துக்கு மாறா ஸ்டீரிங் வலது பக்கம். "முடிஞ்சுதா? இந்தா, சூடா இருக்கு, நெய் ஒழுகும், சால்வையில படப் போகுது."

"மெதெர், இந்த சால்வை எதுக்கு?"

"எதுக்குன்னா? அத்தை போட்டுச்சு."

"நான் வந்ததுக்கா? கையெழுத்துக்கா?"

அவன் மென்னுட்டே யோசிச்சான். "ரெண்டுக்கும்தான். எல்லாப் பொண்ணுங்களுக்கும் போடறதுதான. அத்தைக்கும் போட்டாங்க, அப்பா பேருக்கு வீடு வந்தப்ப. இன்னும் பெட்டியில வெச்சிருக்கு, பூச்சி அரிச்சு." திடீர்னு நிறுத்தினான். "என்ன ஆச்சு? அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"வடக்கு ரூம் தாள்ல இல்லங்கறா."

"தாள்ல எதுக்குக்கா இருக்கணும்? நான் இருக்கேன்ல! நான் உன்ன வெளிய போன்னு சொல்வேனா? ஒரு தடவ சொல்லியிருக்கேனா?" அவனுக்கு உண்மையாவே வலிச்சுச்சு, முகத்துல தெரிஞ்சுது. "நீ எப்ப வந்தாலும் உனக்கு மேல் எடம்தான். இந்த அஞ்சு நாளா நீ எங்க உக்காந்த? கதவுக்கு எதிர்ல, மெத்தைய நாலா மடிச்சுப் போட்டு, உன்ன ஒரு கப்பு கழுவ விட்டோமா? ஐதாய் உன்ன டீப்பானைய தொட விட்டாளா?"

தொட விடலதான். வந்த அன்னைக்கு அது பெரிசாத்துக்கு சொர்க்கமா இருந்துச்சு. கெழங்கு உரிக்கப் போனா ஐதாய் கத்திய புடுங்கிட்டா. "உக்காருங்கக்கா, உக்காருங்க." மேல் எடத்துல, சுவர ஒட்டி, தலகாணி சாச்சு உக்காந்திருந்தா. எதிர்ல கதவோரம் ஐதாய் டீ ஊத்துவா, அவ பக்கத்துல நூராய் முட்டி போட்டு கப்ப வாங்கி வாங்கி கைமாத்துவா. பிள்ளைக்கு அந்த எடம் தெரியும். எந்தக் கப்பு யாரோடதுன்னு தெரியும், சக்கர டப்பா எங்கன்னு தெரியும். நேத்து கப்ப நீட்டறப்ப மரியாதையா கேட்டுச்சு: "நீங்க எப்ப கெளம்பறீங்க?"

மேல் எடத்துல யார உக்கார வெப்பாங்க? வந்துட்டுப் போறவங்கள. வீட்டு ஆளுங்க யாராவது அங்க போய் உக்காருவாங்களா?

"மெதெர், நான் உன்னச் சொல்லல. உன் பசங்க வளருவாங்க. மருமக வருவா ரெண்டு பேரு. அவங்களுக்கு நான் யாரு?"

"அவங்களுக்கு இப்ப மூணு வயசும் ஒரு வயசும்! நீ இப்பவே மருமகளோட சண்ட போடறியா?"

"சண்ட போடல. பயமா இருக்கு."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? விமானத்துக்கு பயம், பர்மிட்டுக்கு பயம், போன் சார்ஜ் நாப்பதுக்குக் கீழ போனா பயம்!" சொல்லிட்டு அவனே லேசா சிரிச்சான். அப்பறம் சிரிப்பு போச்சு. "ஊர்ல என்ன சொல்லுவாங்க? அக்காவும் தம்பியும் சொத்துக்கு அடிச்சுக்கறாங்கன்னு சொல்லுவாங்க. நூராய யாரு வளத்தாங்கன்னும் சொல்லுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தை தானா வந்து விழுந்துச்சு. அவன் அத சொல்ல நெனக்கல, அது அவளுக்குத் தெரிஞ்சுது. ஆனா மனசுல எங்கயோ இருந்ததுதான வெளிய வந்துச்சு. இவ்வளவு நாளா அவன் வாய தொறந்து அத சொன்னதே இல்ல, ஒரு தடவகூட. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மெதெர் போன் அடிச்சுது. சூரா அத்தை. ஸ்பீக்கர்ல போடவே தேவையில்ல, தெருவுக்கே கேக்கும். "என்னடா, ரெண்டு கோடு கிழிக்க இவ்வளவு நேரமா? ஆடு வெந்துருச்சு! மூணு தெரு ஆளுங்க வந்துருவாங்க, வீட்டுக்கு ஆசி வாங்கணும்! அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் அத்தை. இன்னும் போடல."

"ஏன்? கரண்டு போச்சா?"

"யோசிக்கறேன்."

போனுக்குள்ள கடாய்ல கரண்டி மோதற சத்தம் கேட்டுச்சு. "யோசிக்கறதா! அடியே, நான் என் அண்ணன் தம்பி எவன்கிட்டயாவது யோசிச்சேனா? பத்து பேரு பாக்க சால்வைய வாங்கிப் போட்டுட்டு இப்ப யோசிக்கறாளாம்! போட்டப்பவே முடிஞ்சுது அது. எல்லாரும் பாத்தாச்சு."

"நான் வந்ததுக்குப் போட்டதுன்னு நெனச்சேன் அத்தை."

"நெனச்சாளாம்! மாஸ்கோ போனதுல இதெல்லாம் மறந்து போச்சா உனக்கு?"

மறந்துதான் போச்சு. அது நெஜம். ஊர்லயே இருக்கற எந்தப் பொண்ணுக்கும் தோள்ல துணி விழுந்தவுடனே என்ன கேக்கறாங்கன்னு புரியும். இவ அழுதா, கட்டிப்புடிச்சா, சந்தோஷத்துல அத்தைக்கு முத்தம் குடுத்தா. பாத்தவங்க எல்லாம் என்ன நெனச்சிருப்பாங்க? எவ்வளவு சந்தோஷமா விட்டுக் குடுக்கறா பாருன்னு நெனச்சிருப்பாங்க. இத நெனச்சப்ப அவளுக்கு வெக்கமா இருந்துச்சு, அடியில கொஞ்சம் சிரிப்பும் வந்துச்சு. சால்வைய எடுத்து நாலா மடிச்சு கார் பின் சீட்டுல வெச்சா. நெய் படாம.

"மெதெர், ஒண்ணு கேக்கறேன். நீ உள்ள வந்து, உன் பாதிய எனக்குத் துறக்கறேன்னு போடுவியா? ஒரு பேச்சுக்கு."

"பைத்தியமா உனக்கு?"

"நான் உன்ன வெளிய போன்னு சொல்லவே மாட்டேன். எப்ப வந்தாலும் உனக்கு மேல் எடம்தான்."

அவன் வாய தொறந்தான், மூடினான். சம்சாத் தாள கசக்கி, தூக்கிப் போடாம பாக்கெட்டுல சொருகினான். 

தமிரா டீ குடிச்சுட்டு மேஜையில இருந்தா. பெரிசாத் நின்னுட்டே சொன்னா, உக்காந்தா மனசு மாறிரும்னு பயம். "நான் துறக்கல. இன்னொரு தாள் குடுங்க. ஏத்துக்கறேன்ங்கற தாள்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நெனக்கறேன்."

தமிரா மறுபடியும் பிரிண்டர தட்டினா. வந்த தாள பெரிசாத் கேக்காமலே எடுத்து கடைசி வரைக்கும் படிச்சா. ஒரு எடத்துல அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு. காட்டினா. தமிரா முனகிட்டே திருத்தி மறுபடியும் எடுத்துக் குடுத்தா. அப்பறம் கையெழுத்து போட்டா. இவ்வளவு கோணலா அவ எங்கயும் போட்டதில்ல.

அவ வெளிய வந்து விஷயத்த சொன்னதும் மெதெர் கார எடுத்தான். நெல்லு வயலுங்க மஞ்சளா ஓடுச்சு. ரேடியோவுல யாரோ யாருக்கோ பிறந்தநாள் பாட்டு கேட்டாங்க, அவன் சத்தத்த ஏத்தினான். பாலத்துக்கிட்ட மாட்டுக் கூட்டம் வழிய மறிச்சப்ப மட்டும் "ச்சே"ன்னான். வீட்டு வாசல்ல அவள எறக்கி விட்டுட்டு, அவன் எறங்கல. இன்ஜின அணைச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான்.

வீட்டு முத்தத்துல பெரிய சட்டியில கறி. நூராய் ஸ்கூல் விட்டு வந்து வெள்ள ரிப்பனோடயே தம்பிங்கள வெரட்டிட்டு இருந்துச்சு. ஆளுங்க இன்னும் வரல. சூரா அத்தைக்கு மெதெர் கார்லேந்தே போன்ல சொல்லிட்டான் போல, பெரிசாத்தப் பாத்ததும் பிள்ளையோட பேசற மாதிரி ஆட்டோட தலைகிட்ட பேசினா. "கேட்டியா? உன்ன சும்மா அறுத்துட்டோம்!"

"சும்மா இல்ல அத்தை. அப்பாவுக்காக ஓதட்டும். சாப்பிடட்டும்."

"வரவங்க கேப்பாங்களே! என்ன சொல்லுவேன்?"

"நான் சொல்றேன். பெரிசாத் துறக்கலன்னு சொல்றேன்."

"அந்த வார்த்தைய என் முத்தத்துல சொல்லாத!"ன்னு அத்தை கரண்டிய ஓங்கினா.

"என் முத்தம்தான் அத்தை. பாதி." சொல்லிட்டு அவளே பயந்து போய் சமையல்கட்டுக்குள்ள நுழைஞ்சுட்டா.

ஐதாய் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாடி நின்னு பொர்சோக் பொரிச்சுட்டு இருந்தா. மாவு உருண்டைங்க எண்ணெயில உப்பி உப்பிப் பொரண்டுச்சு. அவ திரும்பல. 

"நான் போட்டேன்"ன்னா ஐதாய். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன. எங்க அண்ணனுங்க மூணு பேருக்கு. இதே நோட்டரி அம்மாகிட்டதான். என்ன புரிஞ்சுதுன்னு எங்கிட்டயும் கேட்டா. பால அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன், சீக்கிரம்னு சொன்னேன். இப்ப அங்க போனா என்ன மேல் எடத்துல உக்கார வெக்கறாங்க." ஒரு கரண்டி பொர்சோக்க அள்ளி வெரிப்புல கொட்டினா. "உங்க மேல எனக்கு ரொம்ப கோவம்க்கா."

"தெரியும்."

"தெரியாது. நீங்க சனிக்கிழம போயிருவீங்க. உங்க பாதி இங்க எங்கூடத்தான் இருக்கும். அத யாரு பெருக்கறது? அதுக்கு யாரு சுண்ணாம்பு அடிக்கறது? நூராய்க்கு பேன் பாக்கறது நான், உங்க பாதிக்கு ஒட்டட அடிக்கறதும் நானா?"

செதறின பொர்சோக்க பெரிசாத் பொறுக்கி விரிப்புல போட்டா. நோட்டரி ஆபீஸ்ல இந்தக் கேள்விய யாரும் கேக்கல. ஏத்துக்கறேன்னு போட்ட தாளும் சும்மா இல்ல போல. அதுக்கப்பறமும் எவ்வளவோ வரும். "நூராய இந்த தடவ கூட்டிட்டுப் போக முடியாது. அங்க எட்டு பேரு ஒரு ரூம்ல"ன்னா மெதுவா. "உன்ன விட்டா எனக்கு ஆளில்ல. நான் உங்கிட்ட பட்ட கடன் பெருசு, ஐதாய். அதுக்கு ஈடா வீட்டக் குடுத்துருக்கலாம்னு வழியெல்லாம் நெனச்சேன். ஆனா அப்படிக் குடுத்தா நூராய் என்னோட மக இல்ல, உங்க வீட்டுல வளர்ற பிள்ள ஆயிரும். நாளைக்கு நான் செத்துட்டா அது எந்தக் கதவத் தட்டும்?"

ஐதாய் கை ஒரு நொடி நின்னுச்சு. எண்ணெயில ஒரு உருண்ட கருக ஆரம்பிச்சுது. டக்குனு எடுத்தா.

"வடக்குப் பக்கம் கூரை ஒழுகுது"ன்னா. "ரெண்டு வருஷமா. மழ வந்தா சட்டி வெக்கறேன். உங்கப்பா இருந்தப்ப பாக்கறேன் பாக்கறேன்னாரு, இவரு இடிக்கப் போறோம், எதுக்குன்னாரு. இனிமே இடிக்க முடியாதுல்ல, நீங்க சொல்லாம. அப்ப அது உங்க பாதி. மழைக்கு முன்ன என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க. எனக்கு சட்டி வேணும், ஊறுகா போடணும்."

"ஏணி எங்க?"

"கோழிக் கூண்டுக்குப் பின்னாடி."

ஏணியில மூணாவது படி ஒடஞ்சிருந்துச்சு. பெரிசாத் செருப்ப கழட்டிட்டு ஏறினா. அவளுக்கு உசரம்னாலும் பயம்தான், பாதியில கண்ண மூடிட்டு நின்னா. கீழேந்து நூராய் கத்துச்சு: "மாஸ்கோ அம்மா கூரையில ஏறுது! எல்லாரும் வாங்க!" கேட்டுல முதல் ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க, வயசானவங்க, வெள்ளத் தொப்பி போட்டவங்க. மேல பாத்துட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னாங்க. சூரா அத்தை அவங்க முன்னாடி ஓடி, "வாங்க, வாங்க, அவ சும்மா பாக்கறா"ன்னு உள்ள தள்ளிட்டுப் போனா.

கூரைத் தகட்டுல ரெண்டு விரிசல். ஒண்ணு ஆணி கழண்டு வாயத் தொறந்திட்டு இருந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா அவ ரூம் தெரிஞ்சுது, தரையில ஐதாயோட சட்டி தெரிஞ்சுது. வெளிய, வேலிக்கு அந்தப் பக்கம், காருக்குள்ள மெதெர் முழங்கைய ஜன்னல்ல வெச்சுட்டு நேரா பாத்துட்டு உக்காந்திருந்தான்.

"மெதெர்!"

அவன் அசையல.

"மெதெர், ஆணி எங்க வெச்சிருக்க?"

 கேட்டுக்கிட்ட ஒரு கெழவர் செருப்ப கழட்டிட்டே ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தாரு. அப்பறம் கார்லேந்து குரல் வந்துச்சு. அவன் தலைய திருப்பல, கோவமும் போகல.

"கொட்டகையில. அது உன் பாதியிலதான் இருக்கு, நீயே தேடிக்க."